காப்பிரி, காப்பிலி, காஃபிர்: ஒரு வசைச்சொல் வந்த வழி

ஜோபர்க் முருகேசன்

வணக்கம். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். இப்போது ஜோகன்னஸ்பர்க்கில் மென்பொருள் வேலை. நம் ஊரிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்கு வேலைக்கு வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயத்துக்காக இந்த இழையைத் தொடங்குகிறேன்.

ஒப்பந்தத்தில் வருகிற பையன்கள் தங்களுக்குள் பேசும்போது இங்குள்ள கறுப்பினத்தவரைக் ‘காப்பிரி’ என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள். ஏன் என்று கேட்டால், ‘தமிழ்லதானே பேசுறோம், அவங்களுக்கு என்ன புரியப்போகுது’ என்று பதில் வருகிறது. நன்றாகவே புரியும். இந்த நாட்டில் கறுப்பினத்தவர்மீது வீசப்பட்டதிலேயே மிகக் கேவலமான வசை ‘காஃபிர்’. நம்முடைய காப்பிரியும் அதே சொல்தான். ஓசைகூடப் பெரிதாக மாறவில்லை.

போன மாதம் எங்கள் அலுவலக கேன்டீனில் வரிசையில் நின்ற ஒருவர் பின்னால் இருந்தவரிடம், ‘அந்தக் காப்பிரி அம்மாகிட்ட இன்னொரு கரண்டி கேளு’ என்றார். பரிமாறிக்கொண்டிருந்த அந்த அம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டார். கையுறை இரண்டையும் கழற்றி மேசைமேல் வைத்தார். ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். அப்புறம் ஹெச்.ஆர்., விசாரணை, எழுத்துமூல மன்னிப்பு எல்லாம் நடந்தன. அவர் முகம் மாறியதை நேரில் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், இது சின்ன விஷயம் இல்லை.

இங்கே செய்தித்தாள்கள் அந்தச் சொல்லை முழுதாக அச்சிடாமல் ‘கே-வேர்ட்’ என்றே பெரும்பாலும் போடுகின்றன. வரலாற்றைப் பேச வேண்டியிருப்பதால் இந்த இழையில் மட்டும் முழுதாக எழுதுகிறேன்.

மூலம் அரபு. ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் வணிகம் செய்த அரபு முஸ்லிம்கள், இஸ்லாத்தில் சேராத உள்நாட்டு மக்களைக் காஃபிர் என்றார்கள். 1498இல் அதே கரைக்கு வந்துசேர்ந்த போர்த்துகீசியர் அதைக் ‘காஃப்ரே’ என்று எடுத்துக்கொண்டார்கள். மதத்தைக் குறித்த சொல் அவர்கள் வாயில் நிறத்தைக் குறிக்கத் தொடங்கியது. 1652இல் கேப்பில் (இப்போதைய கேப் டவுன் பக்கம்) குடியேறிய டச்சுக்காரர்களுக்கு அது ‘காஃபர்’. அதன்பின் ஆங்கிலேயர் வந்தபோது, கேப்பின் கிழக்கு எல்லையில் வாழ்ந்த கோசா மக்களுக்கு வெள்ளையர் இட்ட பெயராகவே அது ஆகிவிட்டிருந்தது.

1779 முதல் 1879 வரை கோசாக்களின் நிலத்துக்காக நடந்த ஒன்பது போர்களைக் ‘காஃபிர் போர்கள்’ என்றுதான் ஆங்கிலேயர் எழுதினார்கள். பிடித்த நிலத்தில் ஒரு பகுதிக்கு 1847இல் ‘பிரிட்டிஷ் காஃப்ரேரியா’ என்று பெயர் வைத்தார்கள். கோசா மொழிக்கு லவ்டேல் அச்சகம் 1899இல் கொண்டுவந்த பெரிய அகராதியின் தலைப்பில் இருப்பதும் கோசா என்ற பெயர் அல்ல, காஃபிர்தான். 1895இல் இங்குள்ள தங்கச் சுரங்கப் பங்குகள் லண்டன் சந்தையில் தாறுமாறாக ஏறியபோது அந்தப் பங்குகளையே ‘காஃபிர்ஸ்’ என்று அழைத்தார்கள். சுரங்கத்துக்குள் இறங்கி உயிரைவிட்டவர்களுக்கு வைத்த இழிபெயரால் லண்டனில் வேறு யாரோ பணக்காரர் ஆனார்கள். இதைப் படித்த அன்றைக்கு எனக்கு வேலை ஓடவில்லை.

சட்டம், இலங்கை, கேரளம் பற்றித் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

காயல் இப்ராகிம்

முருகேசன், நல்ல இழை. அரபு மூலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

அந்த வேர்ச்சொல்லுக்கு மூடுதல், மறைத்தல் என்று பொருள். உண்மை தெரிந்தும் அதை மூடி மறைப்பவர் என்ற பொருளில் மறுப்பவருக்கு அந்தப் பெயர். விதையை மண்ணால் மூடுகிறவர் என்பதால் உழவரையும் இதே வேரிலிருந்து வந்த சொல்லால் குர்ஆன் ஓரிடத்தில் குறிக்கிறது. நிறத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. தொழுகைக்கு முதன்முதலில் பாங்கு சொன்ன பிலால் கறுப்பினத்தவர்தான். ஆக, போர்த்துகீசியர் செய்தது வெறும் கடன் வாங்கல் அல்ல. ஒரு மார்க்கச் சொல்லைப் பிடுங்கி அடிமை வணிகத்துக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் அரபு வணிகர்களும் அடிமைகளை வாங்கி விற்றவர்கள்தான். காஃபிர் என்று பெயரிடப்பட்டவரை அடிமையாக்கலாம் என்ற சமாதானம் அவர்களுக்கும் வசதியாக இருந்தது. ஐரோப்பியர்மீது மட்டும் பழியைப் போட்டுவிட்டு நகர முடியாது.

ஆப்கானிஸ்தானில் ‘காஃபிரிஸ்தான்’ என்று ஒரு மலைநாடு இருந்தது. அங்கிருந்தவர்கள் பழைய தெய்வங்களை வணங்கியதால் அந்தப் பெயர். 1896இல் அமீர் அப்துர் ரஹ்மான் கான் அதைப் பிடித்து மக்களை மதம் மாற்றியபின் ‘நூரிஸ்தான்’, அதாவது ஒளியின் நாடு என்று மாற்றினார்கள். அங்கே அந்தச் சொல் மதத்தோடே நின்றுவிட்டது. தென்னாப்பிரிக்காவில் அது தோலில் ஏறிவிட்டது. மதம் மாறினாலும் அந்தப் பெயர் போகாது.

சிதம்பரம்74

நண்பர்களே, எனக்கு உடன்பாடு இல்லை. காப்பிரி என்பது தமிழில் வெறும் பெயர். பழைய தமிழ் அகராதிகளில் ஆப்பிரிக்கர் என்ற பொருளில்தான் இருக்கிறது. எங்கள் வீட்டில் சுருட்டை முடியோடு பிறந்த பிள்ளையைக் ‘காப்பிரி’ என்று கொஞ்சுவார்கள். யாரையும் புண்படுத்த வேண்டும் என்ற எண்ணமே இல்லாதவர்கள் சொல்கிற சொல்லை, வேறொரு நாட்டின் வழக்கத்தை வைத்து வசை என்று முத்திரை குத்துவது சரியா? இப்படியே போனால் எந்தச் சொல் மிஞ்சும்?

ஸ்கார்பரோ வதனி

சிதம்பரம் அண்ணா, கொஞ்சுவதற்கு எடுத்தாலும் அந்தப் பிள்ளையிடம் எதைக் கண்டு அந்தப் பெயரைச் சொல்கிறார்கள் என்று பாருங்கோ. முடி, நிறம். இரண்டும் ‘எங்கட மாதிரி இல்லை’ என்பதைக் காட்டத்தான். அதே வீட்டில் கலியாணப் பேச்சு வரும்போது கொஞ்சலாகவா இருக்கும்?

ஈழத் தமிழில் இது ‘காப்பிலி’. இங்கே டொரோண்டோவில் எங்கட ஆக்கள் இருக்கிற பகுதிகளில் ஜமேக்கா, சோமாலியா, கானா ஆக்களும் பக்கத்துப் பக்கத்து மாடிகளில்தான் இருக்கினம். பிள்ளைகள் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பஸ். வீட்டுக்குள்ளே பெற்றோர் சொல்வது, ‘காப்பிலியளோட சேராதை.’ நான் பள்ளிக்கூடத்தில் குடும்பங்களோடு வேலை செய்கிறேன். ஒரு பெடியன் தன் கூட்டாளியை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனபோது தாய் அந்தச் சொல்லைச் சொன்னா. கூட்டாளி, ‘அம்மா என்ன சொல்லுறா?’ என்று கேட்டானாம். ‘சாப்பிடச் சொல்லுறா’ என்று இவன் சொல்லிவிட்டான். பதினொரு வயதுப் பிள்ளை தாய்க்காகப் பொய் சொல்ல வேண்டி வந்தது. எண்ணம் இல்லாமல் சொல்கிறோம் என்றால் அந்தப் பிள்ளைக்கு ஏன் அது வெட்கமாக இருந்தது?

இன்னொன்று. இலங்கையில் இந்தச் சொல் ஒரு சமூகத்தின் பெயரும்கூட. புத்தளத்துக்குப் பக்கத்தில் சிறாம்பியடியில் ஆப்பிரிக்க வழித்தோன்றல்கள் இருக்கினம். போர்த்துகீசியர் மொசாம்பிக் பக்கமிருந்து கொண்டுவந்தவர்கள், பிறகு பிரிட்டிஷ்காரரின் சிலோன் படைப்பிரிவுகளில் இருந்தவர்கள், இவர்களின் சந்ததி. அவர்களின் பாட்டுக்கு ‘மாஞ்சா’ என்று பெயர். போர்த்துகீசியக் கலப்பு மொழியில் பாடுவார்கள். மெல்லத் தொடங்கி வேகம் ஏறிக்கொண்டே போகும். இலங்கை முழுக்க ஆடுகிற பைலாவுக்கு முந்தைய கபிரிஞ்ஞா ஆட்டத்தின் பெயரிலேயே இவர்கள் இருக்கினம். அந்தச் சமூகத்தினர் தங்களைக் காஃபிர் என்று சொல்லிக்கொள்வது அவர்களின் உரிமை. ஒரு கிராமம் தன் பெயரைச் சொல்வதும், அந்தப் பெயரை எடுத்து ஸ்கார்பரோவில் பக்கத்து வீட்டுப் பிள்ளைமேல் எறிவதும் ஒன்றல்ல.

பாலக்காட்டு ராஜன்

கேரளத்தில் இருந்து ஒரு செய்தி. ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரிப் பக்கம் ‘கப்பிரி முத்தப்பன்’ என்று ஒரு தெய்வம் உண்டு. மங்காட்டுமுக்கில் மதிலோரம் சின்னதாக ஒரு இடம். மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். சுருட்டு, கள், முட்டை படைப்பார்கள். சாதி மதம் பார்க்காமல் எல்லோரும் வந்து வேண்டிக்கொள்வார்கள்.

கதை இதுதான். 1663இல் டச்சுக்காரர் கொச்சியைப் பிடித்தபோது, தப்பி ஓடிய போர்த்துகீசியர் செல்வத்தைச் சுவர்களிலும் மரத்தடிகளிலும் புதைத்தார்கள். அதற்குக் காவலாக ஆப்பிரிக்க அடிமைகளைக் கொன்று கூடவே புதைத்தார்கள். அந்த ஆவிகள்தான் கப்பிரி. புதையல் உண்மையோ இல்லையோ, ஆப்பிரிக்கர்களைக் கொச்சிக்கு அடிமைகளாகக் கொண்டுவந்தது உண்மை. ஆவணத்தில் பெயர் இல்லாத அந்த மனிதர்கள் ஊர் வாயில் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறார்கள், அதுவும் முதலாளி வைத்த பெயரோடு. சிதம்பரம் சார் சொல்லும் ‘வெறும் பெயர்’ நம் கரைக்கு வந்த கப்பல் எது என்று பாருங்கள்.

தென்றல் வழக்குரைஞர்

சட்டத்தைப் பற்றி முருகேசன் கேட்டதால் எழுதுகிறேன். தென்னாப்பிரிக்கச் சட்டத்தை ஒப்பீட்டுக்காகப் படித்திருக்கிறேன்.

பலரும் நிறவெறி ஆட்சி முடிந்த 1994க்குப் பிறகுதான் இது குற்றமானது என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. நிறவெறி ஆட்சி உச்சத்தில் இருந்த 1976இலேயே, ஒரு கறுப்பினத்தவரை அப்படி அழைப்பது அவருடைய மாண்பைக் காயப்படுத்தும் செயல் என்று டர்பன் இருக்கும் நேட்டால் மாகாணத்து நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ரோமன்-டச்சு சட்டத்தின் ‘கிரிமென் இன்ஜூரியா’ என்ற பழைய குற்றப்பிரிவு அங்கே இருக்கிறது. ஒருவரின் மாண்பை வேண்டுமென்றே கடுமையாகச் சிதைப்பதுதான் குற்றம். எண்ணிப் பார்த்தால் அது விசித்திரம். அனுமதிச்சீட்டு இல்லாமல் கறுப்பினத்தவர் நடமாடக் கூடாது என்று பாஸ் சட்டம் போட்டு மனிதரை மந்தையாக நடத்திய அரசின் நீதிமன்றமே, அந்தச் சொல் எவ்வளவு கொடியது என்பதை மறுக்க முடியவில்லை.

2016 பிப்ரவரியில் ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் காரில் திருட்டு நடந்தது. உதவிக்கு வந்த கறுப்பினக் காவலர்களையும், அவசர எண்ணில் பேசிய ஊழியர்களையும் அவர் அந்தச் சொல்லால் திட்டினார். மொத்தம் 48 முறை. காணொளி நாடு முழுக்கப் பரவியது. 2018 மார்ச்சில் மூன்றாண்டு சிறை, அதில் ஓராண்டு நிறுத்திவைப்பு என்று தீர்ப்பு வந்தது. வெறும் வாய்வார்த்தை இனவசைக்குச் சிறைத்தண்டனை என்பது அந்த நாட்டுக்கே புதிது.

வேலைக்குப் போகிறவர்கள் அதைவிடத் தெரிந்துகொள்ள வேண்டியது அரசியல் சாசன நீதிமன்றத்தின் 2016 நவம்பர் தீர்ப்பு. வரித்துறை ஊழியர் ஒருவர் 2007இல் தன் மேலதிகாரியை அந்தச் சொல்லால் குறித்து, அவர் தனக்கு உத்தரவு போடக்கூடாது என்றார். ஒழுங்கு நடவடிக்கையில் கிடைத்தது இறுதி எச்சரிக்கையும் சம்பளமில்லாத பத்து நாள் இடைநீக்கமும். துறைத் தலைமை அதைப் பணிநீக்கமாக மாற்றியது. நடுவர் அவரை மீண்டும் வேலையில் சேர்க்கச் சொன்னார். தொழிலாளர் நீதிமன்றங்களும் நடைமுறைக் காரணங்களால் அதை மாற்றவில்லை. கடைசியில் தலைமை நீதிபதி மொகோயெங் எழுதிய தீர்ப்பு, அவர் மறுபடி அங்கே வேலை செய்யக் கூடாது என்று முடித்தது. நடைமுறைக் குறைக்காக ஆறு மாதச் சம்பளம் மட்டும் கிடைத்தது. அந்தத் தீர்ப்பைப் படிக்கும்போது எனக்குப் பட்டது ஒன்றுதான்: அங்கே நீதிபதி தன் சொந்த மக்களின் காயத்தைச் சட்ட மொழிக்குள் கொண்டுவருகிறார், சட்டத்தை மீறாமல்.

எனவே ‘எனக்குத் தெரியாது, எங்கள் மொழியில் அது சாதாரணம்’ என்று ஹெச்.ஆரிடம் போய் நின்றால் வேலை நிற்கும் என்று யாரும் நம்ப வேண்டாம்.

கோவைக் குருவி

ஒரு சந்தேகம். அமெரிக்காவில் கறுப்பின இளைஞர்கள் ஆங்கில ‘N’ எழுத்தில் தொடங்கும் அந்த வசைச்சொல்லைத் தங்களுக்குள் நட்பாகச் சொல்லிக்கொள்கிறார்களே, ராப் பாட்டிலெல்லாம் வருகிறதே. இதுவும் அப்படி ஆகியிருக்கிறதா?

ஜோபர்க் முருகேசன்

குருவி, இல்லை. இங்கே நண்பர்கள் தோளில் கைபோட்டு அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. 1995இல் ஆர்தர் மஃபோகாட்டே என்ற க்வைட்டோ (இங்குள்ள நகர்ப்புற ஆட்ட இசை) பாடகர் அந்தச் சொல்லையே தலைப்பாக வைத்துப் பாட்டு போட்டு, அது பெரிய ஹிட்டானது. ஆனால் பாட்டு சொல்வது என்ன? முதலாளியைப் பார்த்து, என்னை அப்படிக் கூப்பிடாதே என்கிறது. முதல் ஜனநாயகத் தேர்தல் முடிந்து ஓராண்டு. ஓட்டுப் போட்டாகிவிட்டது, மண்டேலா அதிபர், இன்னும் வேலைசெய்கிற இடத்தில் அதே பெயர். அந்த ஆத்திரம்தான் ஆட்டமாக வந்தது. சொல்லை நட்பாக்கிக்கொள்கிற வேலை அதில் இல்லை.

‘காஃபர்பூட்டி’ என்று இன்னொன்று உண்டு. டச்சு வழிவந்த ஆஃப்ரிகான்ஸ் மொழியில் பூட்டி என்றால் தம்பி. கறுப்பினத்தவர் பக்கம் நின்ற வெள்ளையரைத் திட்ட உண்டாக்கியது. 2005 டிசம்பரில் பெர்த் டெஸ்டில் எல்லைக்கோட்டருகே நின்ற மகாயா என்டினி உள்ளிட்ட தென்னாப்பிரிக்க வீரர்களைக் கூட்டத்தில் இருந்த சிலர் இந்த வசைகளால் கத்தினார்கள். வெள்ளை வீரர்களுக்குக் கிடைத்தது அந்த இரண்டாவது சொல். ஆஸ்திரேலியாவில் சாதாரணமாகப் புழங்காத சொல், அங்கே குடியேறிய யாரோ கூடவே கொண்டுபோயிருக்கிறார்கள்.

நம் பக்கத்திலிருந்தும் ஒரு கிரிக்கெட் உதாரணம் சொல்கிறேன். 2019 ஜனவரியில் டர்பன் ஒருநாள் போட்டியில் பாகிஸ்தான் கேப்டன் சர்ஃபராஸ் அகமது, ஆண்டிலே பெலுக்வாயோவைப் பார்த்து உருதுவில் ‘ஏ கறுப்பா’ என்று தொடங்கி ஏதோ சொன்னார். ஸ்டம்ப் மைக்கில் பதிவாகிவிட்டது. மன்னிப்புக் கேட்டார், நான்கு ஆட்டங்கள் தடை. அவரும் தன் மொழி யாருக்கும் புரியாது என்றுதான் நினைத்திருப்பார்.

செந்தில்வேலன்

காந்தியைப் பற்றி யாரும் பேசாமல் இருக்கிறீர்களே. அவரே தென்னாப்பிரிக்காவில் இந்தச் சொல்லை எழுதியிருக்கிறார். கானா பல்கலைக்கழகத்தில் 2016 ஜூனில் பிரணாப் முகர்ஜி திறந்துவைத்த காந்தி சிலையை 2018 டிசம்பரில் அகற்றியதற்கு இதுதான் காரணம். அவரை இந்தச் சொல்லுக்காக இன்றைக்குக் குற்றக் கூண்டில் ஏற்றுவது நியாயமா? அந்தக் காலத்தில் எல்லோரும் எழுதிய சொல்தானே?

ஜோபர்க் முருகேசன்

சொல்லை மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி, அன்றைய ஆங்கிலத்தில் எல்லோரும் எழுதினார்கள். ஆனால் அவர் அதை எங்கே வைத்து எழுதினார் என்பதுதான் கேள்வி. 1896 செப்டம்பரில் பம்பாய்க் கூட்டத்தில் பேசும்போது, இந்தியரைக் காஃபிரின் நிலைக்கு இறக்கப் பார்க்கிறார்கள் என்பதையே முறையீடாக வைத்தார். 1908 சிறைக் குறிப்பிலும் அவர்களோடு ஒரே இடத்தில் அடைத்தார்கள் என்று வருந்தினார். எங்களை அவர்களோடு சேர்க்காதீர்கள் என்ற கோரிக்கை அது. அதே 1908 மே மாதம் ஜோகன்னஸ்பர்க் ஒய்.எம்.சி.ஏ.வில் எல்லா இனங்களும் கலந்து வாழும் ஒரு வருங்காலத்தைப் பற்றியும் பேசினார். மனிதர் மாறிக்கொண்டிருந்தார். இரண்டையும் சேர்த்துப் படிக்கலாம், ஒன்றை மறைக்க வேண்டியதில்லை. சிலையை எடுக்கக் கோரிய கானா பல்கலைக்கழக ஆசிரியர்கள், மாணவர்கள்மீது எனக்குக் கோபம் இல்லை. அந்த வரிகளில் அவர்கள் படித்தது தங்களைப் பற்றி.

இதைவிட நமக்கு நெருக்கமான பகுதி ஒன்று உண்டு. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் 342 பேரோடு டர்பனில் வந்து நின்றது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகள். நம்முடைய ‘கூலி’ என்ற சொல், உழைப்புக்குக் கொடுக்கிற பணம், இங்கே மனிதரின் பெயராகி வசையாகிவிட்டது. ஜோகன்னஸ்பர்க் இருக்கும் டிரான்ஸ்வால் பகுதியின் 1885ஆம் ஆண்டு மூன்றாம் சட்டத்தில் ‘கூலிகள்’ என்றே எழுதியிருக்கிறது. வக்கீலாக வந்த காந்தி ‘கூலி பாரிஸ்டர்’. தமிழ்ப் பெயர்களில் கடைசியில் வரும் சாமியைப் பிடித்துக்கொண்டு எல்லா இந்தியருக்கும் ‘சாமி’ என்று பெயர். அறுபது வயதுக் கிழவரையும் ‘ஏய் சாமி’.

இப்படி இழிவுபட்ட நம் ஆட்களே தங்களுக்குக் கீழே ஒருவரை வைத்துக்கொள்ள அந்த இன்னொரு சொல்லை எடுத்துக்கொண்டார்கள். ஏணியில் நடுப்படியில் நிற்கிறவனுக்கு மேலே இருப்பவன் மிதிப்பது வலிக்கும், கீழே தன் கால் எங்கே படுகிறது என்று பார்க்க மாட்டான். நடுப்படியைக் கட்டியது வெள்ளை அரசு. அதன் விலையை 1949 ஜனவரியில் டர்பன் கொடுத்தது. ஆப்பிரிக்கர், இந்தியர் கலவரத்தில் 142 பேர் செத்தார்கள்.

ஆனால் அதற்கு முன்பே, 1947 மார்ச்சில், இங்குள்ள இந்தியர்களின் தலைவர்களான மான்டி நாயக்கரும் யூசுஃப் டாடூவும் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் அன்றைய தலைவர் ஏ.பி. சூமாவோடு ஒப்பந்தம் போட்டுச் சேர்ந்து போராடத் தொடங்கிவிட்டார்கள். எழுபதுகளில் ஸ்டீவ் பிகோவின் கறுப்பு உணர்வு இயக்கம் வந்தது. வெள்ளையர் அல்லாதவர் என்ற பெயரை அவர்கள் தூக்கி எறிந்தார்கள். ஆப்பிரிக்கர், இந்தியர், கலப்பினத்தவர் எல்லோருமே கறுப்பர் என்றார்கள். டர்பனின் சாத்ஸ் கூப்பரும் ஸ்ட்ரினி மூட்லியும் அதில் முன்னணியில் நின்று, 1976இல் பயங்கரவாதச் சட்டத்தில் தண்டனை பெற்று ராபன் தீவுச் சிறைக்குப் போனார்கள். நம்முடைய முதலிதான் இங்கே மூட்லி. அவர்கள் ‘நானும் கறுப்பன்’ என்று சொல்லிச் சிறைக்குப் போன நாட்டில் வந்து நின்றுகொண்டு நம் பையன்கள் ‘காப்பிரி’ என்கிறார்கள். எனக்குத் தாங்கவில்லை, அதனால்தான் இந்த இழை.

பினாங்கு சரவணன்

மலேசியாவில் நம்மைக் ‘கெலிங்’ என்பார்கள். கலிங்கத்திலிருந்து வந்த பழைய பெயர், மூலத்தில் ஒரு குற்றமும் கிடையாது. பினாங்கில் 1801இல் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இன்றும் அந்தப் பெயரோடுதான் நிற்கிறது. ஆனால் சாலையில் ஒருவன் அதைச் சொன்னால் எந்தத் தமிழனும் கலிங்கத்தை நினைத்துப் பெருமைப்பட மாட்டான். சிதம்பரம் ஐயா, எண்ணம் முக்கியம் என்றீர்கள். பள்ளிக்கூடத்தில் என்னை அப்படிக் கூப்பிட்ட பையன்களிலும் பாதிப் பேருக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. வீட்டில் கேட்டதைச் சொன்னார்கள்.

சிதம்பரம்74

சரவணன், அந்த ஒப்பீட்டை ஏற்றுக்கொள்கிறேன். அங்கே போய் அப்படிச் சொல்லக் கூடாது என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் பழைய நூல்களிலும் அகராதிகளிலும் இருப்பதை அழித்துவிட வேண்டும் என்று யாராவது தொடங்கினால் அதை எதிர்ப்பேன். சொல் இருந்தது என்ற சாட்சி வேண்டும். அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் அந்தக் கப்பல்களும் மறந்துபோகும்.

தாவரப்பித்தன்

பழைய நூல்களில் இருக்கும் பெயரை என்ன செய்வது என்று சிதம்பரம் சார் எழுப்பிய கேள்விக்குத் தாவரவியலில் ஒரு விடை வந்திருக்கிறது.

கல்யாண முருங்கை தெரியும்தானே? அதன் தென்னாப்பிரிக்க உறவு மரம் ‘எரித்ரினா காஃப்ரா’. சிவப்பாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். அந்தக் ‘காஃப்ரா’ இதே சொல்தான். இப்படி இருநூறுக்கும் மேற்பட்ட செடி, பூஞ்சை, பாசிப் பெயர்களில் அது ஒட்டிக்கொண்டிருந்தது. 2024 ஜூலையில் மாட்ரிட்டில் கூடிய அனைத்துலகத் தாவரவியல் மாநாட்டில், ‘காஃப்ரா’ என்பதை ‘ஆஃப்ரா’ என்று மாற்றலாமா என்று வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 351, எதிர்ப்பு 205. முன்மொழிந்தவர்கள் நெல்சன் மண்டேலா பல்கலைக்கழகத்தின் கிடியன் ஸ்மித்தும் எஸ்ட்ரேலா ஃபிகெரெடோவும். ஒரே ஒரு எழுத்தை எடுத்தால் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது என்ற பொருள் வந்துவிடுகிறது. பழைய ஆய்வுக் கட்டுரைகளை யாரும் கொளுத்தவில்லை. அவற்றில் பழைய பெயர் அப்படியேதான் இருக்கும். இனிமேல் எழுதுகிறவர்கள் புதிய பெயரை எழுதுவார்கள். ஒரு மாணவனாக, களத்துக்குப் போகும்போது கூட வருகிற ஆப்பிரிக்கத் தோழியிடம் ஒரு மரத்தின் பெயரைக் கூசாமல் சொல்ல முடிய வேண்டும் என்று நினைக்கிறேன். இந்த மாற்றம் அதைத் தருகிறது.

தாய்லாந்துச் சமையலில் போடும் இரட்டை இலை எலுமிச்சையின் ஆங்கிலப் பெயரிலும் அதே சொல் உண்டு. இப்போது கடைகளில் ‘மக்ரூட்’ என்ற தாய்லாந்துப் பெயரே அதிகம் புழங்குகிறது. மலேசிய நண்பர்களுக்கு அது லிமாவ் பூருட்.

கோவைக் குருவி

முருகேசன் அண்ணா, அடுத்த மாதம் நான் டர்பன் வருகிறேன், ஒரு திட்டத்துக்காக. அங்கே வேலைசெய்கிறவர்களை, முக்கியமாக வயதில் மூத்தவர்களை, எப்படிக் கூப்பிட வேண்டும்? பெயர் தெரியாதபோது என்ன சொல்வது?

ஜோபர்க் முருகேசன்

நல்ல கேள்வி குருவி. நம் ஊர் மாதிரியே உறவுமுறை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். டர்பன் பக்கம் ஜூலு பேசுகிறவர்கள் அதிகம். வயதான ஆணைப் ‘பாபா’ என்று சொல்லுங்கள், அப்பா மாதிரி. வயதான பெண்ணை ‘மாமா’, முதல் எழுத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். அது அம்மா, நம் மாமா இல்லை. உங்கள் வயதுக்காரரைப் ‘புட்டி’, பெண்ணாக இருந்தால் ‘சிசி’. கோசாவிலும் பெரும்பாலும் இதேதான், அப்பாவுக்கு மட்டும் ‘டாட்டா’. வளர்ந்த மனிதரை ‘பாய்’, ‘கேர்ள்’ என்று கூப்பிட்டுவிடாதீர்கள். பழைய முதலாளிகள் வீட்டு வேலைக்காரரை அப்படித்தான் அழைத்தார்கள்.

வேலையைச் சொல்வதற்கு முன்னால் ‘சவுபோனா’ என்று வணக்கம் சொல்லி, எப்படி இருக்கிறீர்கள் என்று கேளுங்கள். கேட்காமல் நேரடியாக விஷயத்துக்குப் போவது அங்கே மரியாதைக் குறைவு. ஒருவரை மற்றவரிடம் குறிப்பிட வேண்டுமானால் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தமிழில் பேசும்போதும் பெயரையே சொல்லுங்கள். எங்கள் கேன்டீனில் இருக்கிற அந்த அம்மாவை நாங்கள் எல்லோரும் இப்போது ‘மாமா’ என்றுதான் கூப்பிடுகிறோம். வந்து இறங்கியதும் எனக்குத் தனிமடல் போடுங்கள், டர்பனில் இருக்கிற நண்பர்களின் எண்களைத் தருகிறேன்.